சவலைப் பிள்ளை: கைக்குழந்தையுள்ள வீட்டில் மூத்த குழந்தையைப் பேணும் முறை

ஒரு வீட்டில் பிரசவம் நிகழ்ந்தால் வீட்டார் அனைவருடைய கவனமும் தாயினிடத்தும் சிசுவினிடத்தும் செல்வது இயல்பு. பத்தியச் சமையல் செய்வார் ஒருவர், வெந்நீர் போடுவார் ஒருவர், தொட்டில் கட்டுவார் ஒருவர். ஆயினும் அதே வீட்டில் ஒன்றரை அல்லது இரண்டு வயதுள்ள மற்றொரு குழந்தை இருக்குமாயின், அது உண்டதா, உறங்கியதா, ஏன் அழுகிறது என்று விசாரிப்பவர் சிலரே. நேற்றுவரை தாயின் மடியில் இருந்த அக்குழந்தை இன்று திண்ணையில் இருக்கிறது. சில வாரங்களில் அது மெலிகிறது, அடிக்கடி நோய்ப்படுகிறது, பிடிவாதம் செய்கிறது. வீட்டார் அதனைப் பொறாமை என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். அம்மெலிவு உயிருக்கே கேடாய் முடிவதும் உண்டு. ஆதலின் இவ்விஷயத்தைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. பெயரும் பொருளும்

தாய்ப்பால் உரிய அளவு கிடையாமல் மெலிந்த குழந்தையைத் தமிழ் மக்கள் தொன்றுதொட்டுச் சவலைப் பிள்ளை என்று வழங்கி வருகின்றனர். தாய் மறுபடியும் கருவுற்றதனாலோ, அடுத்த குழந்தை பிறந்ததனாலோ பால் இழந்த குழந்தையே பெரும்பாலும் இப்பெயரைப் பெறும். நோயின் காரணம் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இதே உண்மையை வெகு தூரத்திலுள்ள மற்றொரு நாட்டினரும் தம் மொழியில் கண்டிருந்தனர். இன்று கானா என வழங்கும் நாடு அக்காலத்தில் கோல்டு கோஸ்ட் எனப்பட்டது. ஜமைக்காவில் பிறந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1929-ல் அங்கே பணிக்குச் சென்றார். கால்கள் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி, எதிலும் விருப்பமின்றிக் கிடந்த பல குழந்தைகளை அவர் கண்டார். அவர்களிற் பலர் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு மக்காச்சோளக் கஞ்சி ஒன்றையே உண்டு வந்தவர்கள். 1933-ல் அவர் இந்நோயை விவரித்து எழுதினார்; 1935-ல் அந்நாட்டுக் கா மொழியில் தாய்மார் வழங்கிய குவாஷியார்கர் என்னும் பெயரையே நோய்க்கு இட்டார். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். ஆப்பிரிக்கத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே காட்சியைக் கண்டே பெயர் வைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

2. மூத்த குழந்தை மெலிவதற்குக் காரணங்கள்

காரணம் ஒன்றன்று, நான்கு காரணங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருகின்றன.

முதலாவது, உணவுக் குறைவு. தாய்ப்பாலில் கிடைத்து வந்த சத்து திடீரென்று நின்றுபோக, அதற்கு ஈடாக வேறு உணவு தரப்படுவதில்லை. பெரியவர்களுக்குச் சமைத்த காரமான குழம்பும் நீர்த்த கஞ்சியுமே குழந்தைக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது, தொற்று நோய். ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் இட்டுக்கொள்ளும். தாயின் பார்வை குறையும் காலத்தில் வயிற்றுப்போக்கும் இருமலும் மிகுதியாகும். ஒவ்வொரு நோயும் எடையைக் குறைக்கிறது. எடை குறைந்த உடலில் அடுத்த நோய் எளிதில் புகுகிறது.

மூன்றாவது, உண்ணாமை. உணவு இருந்தும் ஊட்டுவாரின்மையால் குழந்தை பட்டினி கிடப்பதுண்டு. இவ்வயதுக் குழந்தை தட்டை வைத்துவிட்டால் தானே உண்டுவிடும் என்று எண்ணுவது தவறு. இரண்டு கவளம் தின்றபின் கோழியின் பின்னே ஓடிவிடும்.

நான்காவது, மனவருத்தம். குழந்தைக்கு ஏது மனம் என்று கேட்போர் உண்டு. தாயினிடத்திலிருந்து திடீரெனப் பிரிக்கப்படும் சிறு குழந்தை உண்ணாமலும் உறங்காமலும் வாடுவதை மருத்துவர்கள் தெளிவாகக் கண்டுள்ளனர். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய அறிக்கை இப்பொருளை உலகினர் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

3. தாய்ப்பால்

பிறந்த சிசுவுக்கு ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுத்தல் வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறிவது பெருந்தவறு. நோய் எதிர்க்கும் பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரோ தேனோ கழுதைப்பாலோ நாவில் தடவும் வழக்கமும் விலக்கத்தக்கது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். கோடைக்காலத்திலும் தண்ணீர் வேண்டுவதில்லை.

மூத்த குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதாயின், அதற்கும் தாய்ப்பாலை உடனே நிறுத்த வேண்டுவதில்லை. மார்பில் வேப்பெண்ணெய் தடவிக் குழந்தையை மிரட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒரே நாளில் உணவையும் ஆறுதலையும் சேர்த்துப் பறிப்பதற்கு அது ஒப்பாகும். சிசுவுக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்பு மூத்ததற்குக் கொடுக்கலாம். குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். நிறுத்த வேண்டின் சில வாரங்களில் சிறிது சிறிதாக நிறுத்துதல் நன்று. மூத்த குழந்தை நோயுற்று வேறெதையும் உண்ணாத நாட்களில் தாய்ப்பாலே அதற்குப் பேருதவி செய்யும்.

பாலூட்டும் தாய் நாள்தோறும் சுமார் 600 கலோரி அளவு உணவு கூடுதலாக உண்ண வேண்டும் என்பது இந்திய உணவு நிபுணர்களின் கணக்கு. பத்தியம் என்ற பெயரால் பருப்பையும் கீரையையும் முட்டையையும் விலக்குவதும், தண்ணீரை அளந்து கொடுப்பதும் தாயையும் இரு குழந்தைகளையும் ஒருங்கே வருத்தும்.

4. மூத்த குழந்தையின் உணவு

ஒன்று முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையே ஒன்று அல்லது இரண்டு முறை சிற்றுண்டியும் வேண்டும். வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம் அளவு தருதல் தகும்; இங்கே கிண்ணம் என்பது 250 மில்லிலிட்டர் கொள்வது. குழந்தையின் இரைப்பை சிறியது. ஆகையால் நீர்த்த உணவு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதமே குழந்தைக்கு ஏற்றது.

குழைத்த சோற்றில் கெட்டிப் பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெயும் சேர்த்தால் சத்து மிகும். வாழைப்பழம், வேகவைத்த முட்டை, மசித்த கீரை, பப்பாளி, முள் நீக்கிய மீன், வேர்க்கடலையை வறுத்து இடித்த பொடி ஆகியவை கிராமத்திலேயே கிடைப்பன. முழுக் கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தலாகாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

கேழ்வரகு 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவினால் கஞ்சி காய்ச்சினால் அது அதிகம் இறுகாது. ஆகையால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க இயலும். முன்னோர் கண்ட இம்முறை இன்றைய உணவு விஞ்ஞானத்திற்கும் ஒத்தது.

அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு வழங்கும் சத்துமாவு குழந்தைக்கே சேர வேண்டும். அதனைக் குடும்பத்தினர் பங்கிட்டுக்கொள்வதும், மாட்டுக்குக் கரைத்து வைப்பதும் குழந்தையின் முதலைச் செலவழிப்பதாகும்.

5. பால் ஊற்றும் வீட்டுக்கு ஒரு கணக்கு

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் அங்கத்தினராயுள்ள ஒரு குடும்பம் நாள்தோறும் 4 லிட்டர் பால் கறந்து, முழுவதையும் சங்கத்திற்கு ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்க. அவ்வீட்டுக் குழந்தை கடுங்காப்பி குடிக்கிறது. ஒரு வயது கடந்த குழந்தைக்குக் காலையிலும் மாலையிலும் 100 மில்லிலிட்டராக 200 மில்லிலிட்டர் காய்ச்சிய பால் ஒதுக்கினால், சங்கத்திற்குச் செல்வது 3 லிட்டர் 800 மில்லிலிட்டராகும். இருபதில் ஒரு பங்கே குறைகிறது. குழந்தை ஒருமுறை நிமோனியாவினால் படுத்தால், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவும் இழந்த கூலியும் பல மாத இருபதில் ஒரு பங்கை ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். பாலை விற்பது குற்றமன்று; முதற்பங்கு குழந்தையினுடையது என்பதை மறப்பதே குற்றம்.

6. வயிற்றுப்போக்கு

மூத்த குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், ஆபத்து மலத்தினால் அன்று; உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதனாலேயே ஆபத்து. வெளியேறியதை வாய் வழியே திருப்பிக் கொடுத்தல் முதற்சிகிச்சை. 1971-ல் வங்காளதேச அகதிகள் பனகாவ் முகாமில் காலராவினால் மாண்டுகொண்டிருந்தபோது, திலீப் மஹலானபிஸ் என்னும் வங்காள மருத்துவர், சிரை வழியே ஏற்றும் மருந்து நீர் போதாமையால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. நோயாளிகளின் உறவினரே அந்நீரைக் கலந்து கொடுத்தனர். ஆகையால் எளிய மக்கள் கையாளக்கூடிய சிகிச்சை இது என்பதில் ஐயமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, உறையில் குறித்துள்ள அளவுப்படி, வழக்கமான பெரிய பொட்டலமாயின் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைத்தல் வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைத்தலாகாது. பொட்டலம் கிடையாவிடின் 1 லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்காகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளியேறிய பின்பும் 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெல்லக் கொடுக்கலாம். கரைத்த நீரை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

இதனுடன் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுத்தல் வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். மூன்றாம் நாள் போக்கு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாகாது. உணவை நிறுத்துவதும் தவறு. வயிற்றைக் காயப்போட்டால் குணமாகும் என்னும் எண்ணம் பெரியவர்களுக்கும் பொருந்தாது; மெலிந்த குழந்தைக்கு அது கொடுமை.

கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்ல மடங்கி, ஆவலோடு நீர் கேட்டாலும், அல்லது குடிக்கவும் வலுவின்றிச் சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மாந்தம் என்றும் தொக்கம் என்றும் கருதி மந்திரிக்கச் செல்லும் ஒரு பகற்பொழுதில் காப்பாற்றக்கூடிய உயிர் போய்விடுவதுண்டு.

7. காய்ச்சலும் இருமலும்

சளி இருமல் பெரும்பாலும் தானே தணியும். ஆயினும் நிமோனியாவை அடையாளம் காண ஒவ்வொரு வீட்டாரும் பழகிக்கொள்ளுதல் வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அல்லது அவற்றிற்கு மேலும் இருந்தால் அது விரைந்த மூச்சு. மூச்சு உள்ளிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி குழிந்தால் நோய் முற்றியதென அறிக. இரண்டிலும் அன்றே சிகிச்சை வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப மருத்துவர் அல்லது செவிலியர் சொன்ன அளவிலேயே கொடுத்தல் வேண்டும். பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும், ஆஸ்பிரின் கொடுப்பதும் தகாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். அப்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். வாயில் கரண்டி திணிப்பதும், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் பயன் தாரா. ஐந்து நிமிடத்தில் நில்லாவிடினும், மீண்டும் வந்தாலும் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். வலிப்பு நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

8. சிசுவுக்கு நோய் பரவாமல் காத்தல்

மூத்த குழந்தைக்குச் சாதாரண இருமலாயிருப்பது, பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்குக் கடும் நோயாகலாம். ஆயினும் மூத்ததை வீட்டைவிட்டு விலக்குவது நடவாத காரியம், வேண்டுவதுமில்லை. பின்வருவன போதும்.

சிசுவைத் தூக்குமுன் யாவரும் சோப்பினால் கைகழுவுதல் வேண்டும். மூத்த குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த கையோடு பாலூட்டச் செல்லுதல் ஆகாது. இருமல் உள்ள நாட்களில் சிசுவின் முகத்தில் முத்தமிடாமல் அதன் பாதத்தைத் தொட்டுக் கொஞ்சும்படி மூத்த குழந்தைக்குப் பழக்கலாம். அதட்டி விரட்டுவதைவிட இது எளிது. கரண்டி, குவளை, துவாலை தனித்தனியே இருக்கட்டும். தாய்க்கே சளியிருந்தால் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு பாலூட்டலாம். பாலை நிறுத்தலாகாது, தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பால் வழியே சிசுவைச் சேர்கிறது. வீட்டினுள் புகையும் பீடியும் இரு குழந்தைகளுக்கும் பகை.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசு பால் குடிக்க மறுத்தாலும், உடல் சுட்டாலும், குளிர்ந்தாலும், அசைவு குறைந்தாலும், வலிப்புக் கண்டாலும், மார்பு குழிய மூச்சுவிட்டாலும், வீட்டு வைத்தியம் யாதும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இவ்வயதில் மணிக்கணக்கே கணக்கு.

9. தடுப்பூசி: மூத்தது இளையதற்கு வேலி

சிசுவுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சட்காமாலை ஊசி ஆகியவை தரப்படுகின்றன. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் முதலியவற்றைத் தடுக்கும் ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்கும். 10, 14-ஆம் வாரங்களில் தொடரும். தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பதாம் மாதத்திலேயே வரும். அதுவரை சிசுவுக்கு வேலியாக நிற்பவர் வீட்டிலுள்ள மற்றவர்களே.

இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. 16 முதல் 24 மாதத்திற்குள் மூத்த குழந்தைக்குத் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் ஊசியும், முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். சரியாக அந்த மாதங்களில் தாய் பிரசவத்திற்குத் தாய்வீடு சென்றிருப்பாள். குழந்தையின் தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஊசி தவறிவிடும். கக்குவான் இருமல் மூத்ததைப் பற்றி இளையதைக் கொல்லும். ஆதலின் பிரசவத்திற்குப் புறப்படும்போது துணிமூட்டையில் முதலில் வைக்க வேண்டியது அந்த அட்டை. எந்த ஊரிலும் கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போடுவார். தவறிய ஊசியையும் பின்பு போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதத்திற்கொருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்தையும், குடற்புழு மாத்திரையையும் இத்துடன் சேர்த்துக் கேட்டுப் பெறுதல் நன்று.

10. பிடிவாதமும் அழுகையும்

சிசு பிறந்தபின் மூத்த குழந்தை மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிக்கும், நடக்கத் தெரிந்தும் தூக்கச் சொல்லும், மழலை பேசும், சிசுவைக் கிள்ளும், பாலூட்டும் நேரம் பார்த்துத் தண்ணீரைக் கொட்டும். இவை யாவும் ஒரே விண்ணப்பத்தின் பல வடிவங்கள்: எனக்கும் இடமுண்டா என்பதே அவ்விண்ணப்பம். அடித்தால் விண்ணப்பம் பலமாகுமேயன்றி நிற்காது.

அக்கம்பக்கத்தார் விளையாட்டாக, இனி உன் அம்மா உனக்கில்லை, பாப்பாவுக்குத்தான் என்று குழந்தையைச் சீண்டுவதுண்டு. கேட்போர் நகைக்கின்றனர்; குழந்தை அதனை மெய்யென்றே நம்புகிறது. இவ்வழக்கத்தை வீட்டுப் பெரியோர் உறுதியாகத் தடுத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை சில. பிரசவத்திற்கு முன்பே பாப்பா வரப்போகிற செய்தியைக் குழந்தைக்குச் சொல்லி வைக்கலாம். தாய் நாள்தோறும், சிசு உறங்கும்போது, கால் மணி நேரமேனும் மூத்ததை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இது பல அடிகளைவிட வலியது. பாலூட்டும்போது மூத்ததை அருகில் இருத்திக் கதை சொல்லலாம். துணி எடுத்துக் கொடு, தொட்டிலை மெல்ல ஆட்டு, என்று சிறு வேலைகள் தந்து புகழ்ந்தால் அது தன்னை அண்ணனாகவோ அக்காளாகவோ உணரத் தொடங்கும். படுக்கை நனைந்தால் பேசாமல் மாற்றிவிடுக. கிள்ளினால் கையைப் பிடித்து, பாப்பாவுக்கு வலிக்கும் என்று சுருக்கமாகச் சொல்லி விலக்குக. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் சிசுவையும் ஒரு கணமும் தனித்து விடலாகாது. அன்பினால் வாயில் முறுக்கை ஊட்டிவிடும் குழந்தையும் ஆபத்தானதே.

மூத்ததைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தொல்லையில்லை என்பாருமுண்டு. பாட்டியோடு முன்பே பழகிய குழந்தை சில நாட்கள் மகிழ்ந்திருக்கும். பழகாத வீட்டுக்கு, சிசு வந்த அதே வாரத்தில், பல மாதங்களுக்கு அனுப்புவது நன்றன்று.

11. தகப்பனாரின் கடமை

இதுவரை கூறியவற்றைத் தாய் ஒருத்தியே செய்ய இயலாது. இரவில் மூன்றுமுறை பாலூட்டிய பெண், பகலில் இரண்டு வயதுக் குழந்தையின் பின்னே ஓட முடியாது. மூத்த குழந்தையைக் குளிப்பாட்டுதல், ஊட்டுதல், உறங்கவைத்தல் ஆகியவற்றைத் தகப்பனார் பிரசவத்திற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குதல் வேண்டும். குழந்தை தகப்பனாரோடு பழகியிருந்தால், நோய் வந்த இரவில் அவர் அதனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லலாம். பழகாவிடின், குழந்தை தாயை விட்டு வராது. தாய் புறப்பட்டால் சிசுவையும் நோயாளர் கூட்டத்திற்குள் கொண்டு போக நேரிடும். தாயே செல்ல வேண்டியிருந்து, சிறிது நேரத்தில் திரும்புவாளாயின், பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைத்துச் செல்லலாம். அதனை நான்கு மணி நேரத்திற்குள் கொதிநீரில் சுத்தம் செய்த பாலாடையால் புகட்டுதல் வேண்டும். புட்டி வேண்டுவதில்லை.

பிரசவமான பெண் இரண்டு வாரத்திற்கு மேலும் ஓயாது அழுதாலும், உறங்காது தவித்தாலும், குழந்தைகளிடம் பற்றின்றி இருந்தாலும் அது சோம்பலன்று. சிகிச்சையால் தீரும் நோய். கணவர் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை.

12. இடைவெளியே முதற்காப்பு

ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதம் கழிந்த பின்பே அடுத்த கருவுக்கு இடந்தருதல் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவ்வாறாயின் இரு குழந்தைகளுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டு இருக்கும். மூத்த குழந்தை தன் பங்குத் தாய்ப்பாலை முழுவதும் பெறும். தாயின் இரத்தமும் தேறும். இடைவெளிக்கான சாதனங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சென்று கேட்டறிதல் நன்று.

13. எடையும் கணக்கும்

கூட்டுறவு அங்கத்தினர்கள் பாஸ் புத்தகத்தின் அருமையை அறிந்தவர்கள். குழந்தையின் எடை அட்டையும் அத்தகையதே. தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தனர். நோய் கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும் என்பதே அதன் அடிப்படை.

ஒன்று முதல் இரண்டு வயதுவரை குழந்தையின் எடை ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 2½ கிலோ ஏறும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிடில் செவிலியரிடம் காட்டுக. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தையின் மேற்கை நடுச் சுற்றளவு 12½ சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு. 11½-க்குக் குறைந்தால் கடும் மெலிவு. இரு பாதங்களும் வீங்கியிருந்தால் எடை எவ்வளவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வீக்கத்தைக் கொழுமை என்று எண்ணி மகிழ்ந்த வீடுகள் உண்டு.

14. சங்கம் செய்யக்கூடியவை

கூட்டத்தின் முடிவில் அவ்வாண்டு இரண்டாம் குழந்தை பிறந்த வீடுகளைக் காரியதரிசி குறித்துக்கொள்ளலாம். அவ்வீட்டுத் தாய்க்குத் துணையாக அண்டை வீட்டுப் பெண்கள் முறைவைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைச் சங்கக் கட்டடத்தில் வைத்திருத்தல் எளிது. இரவில் வண்டி தரக்கூடிய அங்கத்தினரின் பெயரைச் சுவரில் எழுதி வைக்கலாம். விதைக்கும் எருவுக்கும் ஒருவருக்கொருவர் பிணையாக நிற்பவர்கள், ஒரு குழந்தைக்கும் பிணையாக நிற்றல் தகும்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. இவ்வூரில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையும் கைக்குழந்தையும் சேர்ந்துள்ள வீடுகள் எத்தனை? மூத்த குழந்தையின் எடையைச் சென்ற மாதம் எவ்வீடுகளில் பார்த்தனர்?

2. 16 முதல் 24 மாத ஊசி தவறிய குழந்தைகள் உண்டா? தவறியதற்குக் காரணம் யாது?

3. பால் ஊற்றும் வீடுகளில் குழந்தைக்கென ஒதுக்கும் அளவு எவ்வளவு?

4. 1 லிட்டர் அளக்கும் பாத்திரம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டா? இல்லாவிடில் எந்தப் பாத்திரத்தில் குறியிட்டு வைக்கலாம்?

5. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சு விரைந்தால், யார் அதனை எடுத்துச் செல்வர், யார் வீட்டில் தங்குவர் என்று ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறதா?